லமாரைத் தேடினால் என்ன கிடைக்கும்? அமெரிக்க ஆவணச் சேவைகள்: ஒரு மதிப்புரை

அமெரிக்கத் தென்மாநிலங்களின் பத்தொன்பதாம் நூற்றாண்டைப் புரட்டினால் ஒரே வகை ஆள் திரும்பத் திரும்ப எதிர்ப்படுவார். இளவயதில் வக்கீல். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டதும், அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென்மாநிலங்களின் கான்ஃபெடரேட் படை. தோற்று ஊர் திரும்பி மறுபடியும் வக்கீல் தொழில், கொஞ்சம் அரசியல், கடைசியில் நீதிபதி நாற்காலி. இப்படி ஒருவரின் வாழ்க்கையை வீட்டிலிருந்தபடியே மூல ஆவணங்களிலிருந்து தொகுக்க முடியுமா, எந்தச் சேவை எதற்கு உதவும், எங்கே காசு வீணாகும் என்பதைப் பற்றியது இந்த மதிப்புரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முக்கால்வாசி வேலையைக் காசு கட்டாமல் முடித்துவிடலாம். கட்டணத் தளங்கள் நேரத்தை மிச்சப்படுத்தும், அதுவும் ராணுவ ஏடுகளைத் தேடும் கட்டத்தில் மட்டும். ஆனால் இலவசமோ கட்டணமோ, எல்லாத் தளங்களுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. பெயரைத் தட்டினால் புகழ்தான் முதலில் வந்து கொட்டும். ரெஜிமென்ட் (படைப்பிரிவு), கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பகுதி), தேதி என்று தட்டினால்தான் ஆள் வருவார்.

சோதனைக்கு எடுத்துக்கொண்டவர் லூசியஸ் க்வின்டஸ் சின்சினாட்டஸ் லமார். ஜார்ஜியா மாநிலத்தில் 1825 செப்டம்பர் 17இல் பிறந்தவர். எமரி கல்லூரியில் 1845இல் பட்டம், பிறகு வக்கீல் தொழில், 1849இல் மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் குடிபெயர்வு. 1857இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர். 1861 ஜனவரியில் மிசிசிப்பி பிரிந்துபோவதாக அறிவித்த தீர்மானத்தின் வாசகத்தை எழுதியவர் இவரே. போரில் 19ஆம் மிசிசிப்பி காலாட்படையின் லெப்டினன்ட் கர்னல். பிறகு மறுபடியும் காங்கிரஸ், செனட், உள்துறைச் செயலர் பதவி. 1888இல் உச்ச நீதிமன்ற நீதிபதி. 1893 ஜனவரி 23இல் மறைவு. கான்ஃபெடரேட் தரப்பில் போரிட்டவர்களில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன முதல் ஆள் என்பதால் ஆவணத்துக்குப் பஞ்சமில்லை. அவை ஏழெட்டு இடங்களில் சிதறிக் கிடக்கின்றன என்பதே தொல்லை.

முதல் தடுக்கல் பெயர். எல்.க்யூ.சி. என்று மூன்று முன்னெழுத்து இருக்கும்போது குழப்பம் வராது என்று நினைப்போம். ஆனால் இவருடைய அப்பாவுக்கும் இதே பெயர். அவரும் ஜார்ஜியாவில் நீதிபதி, 1834இல் இறந்துபோனார். இவருடைய மகனுக்கும் இதே பெயர். ஆக, "நீதிபதி எல்.க்யூ.சி. லமார்" என்று 1830களின் ஆவணம் ஒன்று வந்தால் அது தகப்பனார். போதாக்குறைக்கு, லூசியஸ் எம். லமார் என்று 8ஆம் ஜார்ஜியா ரெஜிமென்டில் ஒரு கர்னல் வேறு. சகோதரர்கள் இருவர், ஜெஃபர்சனும் தாம்ப்சனும், வேறு வேறு மாநிலப் படைகளில் இருந்து போரில் மாண்டவர்கள். சித்தப்பா மிராபோ லமார் டெக்சஸ் குடியரசின் அதிபராக இருந்தவர். அவர் பெயரில் டெக்சஸில் ஒரு கவுண்டி இருக்கிறது. நம்மவர் பெயரிலும் அலபாமா, மிசிசிப்பி, ஜார்ஜியா மூன்றிலும் லமார் கவுண்டிகள் உண்டு. கொலராடோவில் லமார் என்று ஓர் ஊர். நில அலுவலகம் தங்கள் ஊருக்கு வரட்டும் என்று அன்றைய உள்துறைச் செயலரின் பெயரைச் சூட்டிய ஊர் அது. எல்லோஸ்டோன் பூங்காவில் ஓர் ஆறும் பள்ளத்தாக்கும்கூட இவர் பெயரில்தான். "லமார்" என்று மட்டும் தட்டினால் ஓநாய் பார்க்கப் போனவர்களின் படங்கள் வந்து குவியும் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளவும்.

தொடங்க நல்ல இடம், தேசியப் பூங்காத் துறை நடத்தும் போர்வீரர்கள், மாலுமிகள் தரவுத்தளம். இரண்டு தரப்பையும் சேர்த்து 63 லட்சம் பெயர்கள். லாகின் கிடையாது, கட்டணம் கிடையாது. கிடைக்கும் தகவலும் கொஞ்சம்தான்: பெயர், ரெஜிமென்ட், சேரும்போது என்ன பதவி, விலகும்போது என்ன பதவி, எந்த மைக்ரோஃபிலிம் (ஆவணங்களைச் சிறிதாக்கிப் படமெடுத்த சுருள்), எத்தனையாவது சுருள். இதை வாழ்க்கைக் குறிப்பு என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். திறவுகோல் என்று நினைத்தால் இதைவிட வேகமான இடம் இல்லை. அந்தச் சுருள் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். ஒரே வீரர் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் இரண்டு மூன்று முறை வருவார். அது மூன்று ஆட்கள் என்று எண்ணிக்கொள்பவர்கள் நிறைய.

அடுத்த இடம் தேசிய ஆவணக் காப்பகம். கான்ஃபெடரேட் ராணுவ ஆவணங்கள் 109ஆம் ஆவணத் தொகுதியில் இருக்கின்றன. அதற்குள் ஒவ்வொரு வீரருக்கும் தொகுக்கப்பட்ட சேவை ஏடு ஒன்று உண்டு. இது போர்க்களத்தில் எழுதிய ஏடு இல்லை என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். போர் முடிந்து கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு கழித்து, 1903இல் தொடங்கி, போர்த் துறைக் குமாஸ்தாக்கள் பழைய வருகைப் பட்டியல்களைப் பார்த்து ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனி அட்டை எழுதி, எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டார்கள். மிசிசிப்பிக்காரர்களின் உறைகள் எம்269 என்ற மைக்ரோஃபிலிம் தொகுப்பில் உள்ளன.

ஓர் உறையைத் திறந்து பார்த்தால் புரியும். முகப்பில் பெயர், ரெஜிமென்ட், நுழைவுப் பதவி, வெளியேற்றப் பதவி, அதன் கீழே வரிசையாக எண்கள். உள்ளே எத்தனை அட்டைகள் இருக்க வேண்டும் என்பதற்கான கணக்கு அந்த எண்கள். படங்களைப் பார்க்கும்போது இந்த எண்களோடு அட்டைகளை ஒப்பிட்டால் ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும். பலரும் செய்யாத வேலை இது. அட்டை ஒவ்வொன்றும் பொதுவாக இரண்டு மாதத்துக்கான வருகைப் பட்டியல். "இருக்கிறாரா, இல்லையா" என்று அச்சடித்த வரி. அதற்கு எதிரே பெரும்பாலும் ஒரே ஒரு சொல். "குறிப்பிடப்படவில்லை" என்று எழுதியிருப்பதும் சகஜம். அதற்கு, மூலப் பட்டியலில் அந்தக் கட்டம் வெற்றாக இருந்தது என்று மட்டும்தான் பொருள். ஆள் ஓடிப்போனார் என்று படிப்பது தப்பு. கீழே படியெடுத்த குமாஸ்தாவின் பெயர் இருக்கும். அட்டைகளைத் தாண்டிப் போனால் சில உறைகளில் அசல் காகிதங்கள் இருக்கும்: சம்பள ரசீது, தீவனத்துக்கும் துணிக்கும் கேட்புச் சீட்டு, விடுப்பு விண்ணப்பம், ராஜினாமா கடிதம். வீரரின் சொந்தக் கையெழுத்து கிடைப்பது இந்தப் பகுதியில். அதிகாரிகளின் உறைகளில் இது பருமனாக இருக்கும், சிப்பாய்களின் உறைகளில் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது.

லமார் மாதிரி ஆட்களிடம் இங்கே இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று, லெப்டினன்ட் கர்னல் எந்தக் கம்பெனியிலும் இருக்கமாட்டார். அவர் ரெஜிமென்டின் தலைமைப் பிரிவு. கம்பெனி வாரியாகத் தேடுகிறவர்கள் ஏ முதல் கே வரை பார்த்துவிட்டு ஆளே இல்லை என்று முடிவு கட்டுகிறார்கள். இரண்டாவது இன்னும் முக்கியம். உடல்நலம் கெட்டு ரெஜிமென்டை விட்ட லமார், போரின் கடைசிக் கட்டத்தில் கான்ஃபெடரேட்டுகளின் வடக்கு வர்ஜீனியா சேனையின் மூன்றாவது கோரில் (பல ரெஜிமென்டுகள் சேர்ந்த பெரும்பிரிவு) ராணுவ நீதிமன்ற வழக்குரைஞராக இருந்தார். அது ரெஜிமென்டுப் பதவி இல்லை. ஜெனரல்கள், தலைமை அலுவலர்கள், ரெஜிமென்டில் சேராதவர்கள் இவர்களுக்கெல்லாம் எம்331 என்று தனித் தொகுப்பு. அங்கே போய்த் தனியாகத் தேட வேண்டும். வக்கீலாக இருந்து படைக்குப் போனவர்கள் பலர் இப்படிச் சட்டப் பதவிக்கு மாறியவர்கள். ஆகவே ஒரு உறை கிடைத்ததும் நிறுத்திவிடக் கூடாது. இரண்டிலும் பொருந்தாமல் மிஞ்சிய துண்டுக் காகிதங்களை எம்347 என்ற தொகுப்பில் அகரவரிசையில் போட்டு வைத்திருக்கிறார்கள். பொறுமை உள்ளவர்களுக்குப் புதையல் அது.

இரண்டு பதவிக்கும் நடுவே லமார் எங்கே போனார்? ரஷ்யாவுக்கான தூதராக கான்ஃபெடரேட் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸ் அவரை 1862இல் நியமித்தார். ஐரோப்பா வரை போனார், ரஷ்யா போய்ச் சேரவே இல்லை. மறு ஆண்டே திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ராணுவ ஏட்டில் இந்த இடைவெளிக்கு விடை கிடைக்காது. கான்ஃபெடரேட் வெளியுறவுத் துறைக் காகிதங்கள் பிக்கெட் என்பவரிடமிருந்து 1872இல் 75,000 டாலருக்கு அமெரிக்க அரசு விலைக்கு வாங்கியவை. இப்போது காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. ஒரே மனிதரின் 1862 ஓர் அமைப்பிலும் 1863 வேறோர் அமைப்பிலும் இருக்கும். அமைப்புகளின் தேடல் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

உறையின் படங்கள் காப்பகத்தின் இணைய அட்டவணையில் ஏறியிருந்தால் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஏறாத தொகுப்பு என்றால் கட்டணத் தளத்தில் பார்க்கலாம், அல்லது காப்பகத்துக்கே எழுதி நகல் வாங்கலாம். நகலுக்கான படிவம் என்ஏடிஎஃப் 86. ஓர் உறைக்கு 30 டாலர். ஒரே ஒருவருக்குத்தான் தேவை என்றால் இந்தக் கட்டணம் நியாயம். பத்துப் பேரைத் தேடுகிறவர் ஒரு மாதச் சந்தா கட்டி எல்லாவற்றையும் இறக்கிவிட்டுச் சந்தாவை நிறுத்துவது புத்திசாலித்தனம். தானாகப் புதுப்பிக்கும் பொத்தானை முதல் நாளே அணைத்துவிடவும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. காப்பகத்தின் படிப்பறைகளில் உள்ள கணினிகளில் முக்கியக் கட்டணத் தளங்களை இலவசமாகப் பார்க்கலாம். அட்லாண்டாவுக்குத் தெற்கே மாரோ என்ற ஊரில் ஒரு கிளை உண்டு. அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குக் கைக்கெட்டும் தூரம்.

படிவத்தில் நிகழும் தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. எந்தத் தரப்பு என்ற கட்டத்தில் கான்ஃபெடரேட் என்று குறிக்காமல் விடுவது முதலாவது. மாநிலத்தைத் தவறாகப் போடுவது அடுத்தது: ஜார்ஜியாவில் பிறந்தவர் மிசிசிப்பிப் படையில் இருந்தார் என்றால் மிசிசிப்பி என்றுதான் எழுத வேண்டும். மூன்றாவதுதான் பணத்தைத் தின்னும். சேவை ஏட்டுக்குப் பதில் ஓய்வூதிய ஏடு கேட்டுப் படிவம் 85 அனுப்புகிறார்கள். கான்ஃபெடரேட் வீரருக்கு மைய அரசு ஓய்வூதியம் தரவில்லை. தந்தவை அந்தந்தத் தென்மாநில அரசுகள். அந்த ஏடுகள் மாநிலக் காப்பகங்களில் இருக்கின்றன. மிசிசிப்பிக்கு ஜாக்சன் நகரில் உள்ள காப்பகம்தான் இடம்.

சேவை ஏடு எலும்புக்கூடு. சதை வேண்டுமானால் போர்த் துறை வெளியிட்ட அதிகாரபூர்வப் போர் ஆவணங்கள். 128 புத்தகங்கள், இரு தரப்பு அறிக்கைகளும் கடிதங்களும். ஹாத்திட்ரஸ்ட் என்ற இணைய நூலகத்தில் முழுதாகப் படிக்கலாம். இதன் எண் முறைதான் தலைவலி. வில்லியம்ஸ்பர்க் போர், 1862 மே 5, முதல் வரிசை, 11ஆம் தொகுதி, பகுதி 1இல் வருகிறது. ஆனால் புத்தக முதுகில் இருக்கும் தொடர் எண் 12. பழைய நூல்களின் அடிக்குறிப்பில் சிலர் தொகுதி எண்ணைத் தருகிறார்கள், சிலர் தொடர் எண்ணைத் தருகிறார்கள். தேடிய பக்கத்தில் சம்பந்தமில்லாத கடற்படைக் கடிதம் வந்து நின்றால் எண் மாறிவிட்டது என்று பொருள். வில்லியம்ஸ்பர்க்கில் 19ஆம் மிசிசிப்பியின் கர்னல் கிறிஸ்டோஃபர் மாட் கொல்லப்பட்டார், படையை லமார் ஏற்றார். இந்த மாதிரி இடங்களில் பக்கத்து ஆளின் உறையையும் திறந்து பார்ப்பது பலன் தரும். மாட்டின் அட்டைகள் எந்தத் தேதியில் நிற்கின்றன என்று பார்த்தால், லமாரின் பொறுப்பு எப்போது தொடங்குகிறது என்பதற்குத் தனிச் சான்று கிடைத்துவிடும்.

போருக்குப் பிறகு மன்னிப்பு விண்ணப்பங்கள். அமெரிக்க அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் 1865 மே 29இல் பொது மன்னிப்பு அறிவித்தார், கூடவே 14 வகையினரை விலக்கியும் வைத்தார். 20,000 டாலருக்கு மேல் சொத்துள்ளவர்கள் ஒரு வகை. காங்கிரஸ் பதவியை விட்டுக் கலகத்துக்குப் போனவர்கள் இன்னொன்று. கான்ஃபெடரேட் அரசின் தூதர்கள் மற்றொன்று. விலக்கப்பட்டவர்கள் அதிபருக்குத் தனியாக எழுத வேண்டும். அந்தக் கோப்புகள் எம்1003 தொகுப்பில் மாநில வாரியாக உள்ளன. தென்மாநில வக்கீல்களைப் பற்றி எழுதுகிறவர் தவறவிடக் கூடாத இடம் இது. தன் கடந்த காலத்தை ஒரு வக்கீல் தன் வாயாலேயே எப்படி வாதாடி மெலிதாக்குகிறார் என்று பார்க்கலாம். சொத்துக் கணக்கும் சிலசமயம் அதிலேயே இருக்கும். லமாருக்கு இதற்கு மேலும் ஒரு முட்டுக்கட்டை. 1872இல் வந்த மன்னிப்புச் சட்டம்கூட 36, 37ஆம் காங்கிரஸ்களின் (இரண்டாண்டுக்கு ஒன்றாக எண்ணப்படும் காலங்கள்) பழைய உறுப்பினர்களுக்குப் பொருந்தாது. லமார் 36ஆம் காங்கிரஸில் இருந்தவர். அவருக்கென்று தனியாகத் தடை நீக்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட தனிச் சட்டங்களை அந்தந்தக் காங்கிரஸின் சட்டத் தொகுப்பில் பார்க்கலாம்.

வக்கீல் வாழ்க்கை இருப்பதிலேயே மோசமாகப் பதிவான பகுதி. இணையத்தில் எந்தச் சேவையும் இங்கே கைகொடுப்பதில்லை. வக்கீலாகப் பதிந்தது, வாதாடிய வழக்கு, வாங்கிய கட்டணம் எல்லாம் கவுண்டி நீதிமன்றக் குறிப்பேடுகளில் இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டின் நீதிமன்றக் கட்டடத்தையும் ஊர்ச் சதுக்கத்தையும் 1864 ஆகஸ்டில் வடக்குப் படை எரித்தது. எது மிஞ்சியது என்று கவுண்டி குமாஸ்தா அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட்டுப் பிறகு பயணச்சீட்டு எடுக்கவும். "ஜட்ஜ்", "கர்னல்" என்று பத்திரிகைகள் போடும் அடைமொழிகளையும் அப்படியே நம்ப வேண்டாம். ஊரில் மதிப்பானவர் என்றாலே கர்னல்தான் அங்கே.

அரசியல் பேச்சுகளுக்கு இலவசத் தளங்களே தாராளம். காங்கிரஸ் விவாதங்களின் அச்சுப் பதிவு 1873 வரை காங்கிரஷனல் குளோப், அதற்குப் பிறகு காங்கிரஷனல் ரெக்கார்டு. இந்த மாற்றம் தெரியாமல் 1858 பேச்சை ரெக்கார்டில் தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. குளோப் காங்கிரஸ் நூலகத் தளத்தில், ரெக்கார்டு அரசு அச்சகத்தின் கவ்இன்ஃபோ தளத்தில். அடிமை ஒழிப்புக்காக வாழ்நாளெல்லாம் போராடிய சார்லஸ் சம்னர் மறைந்தபோது, 1874 ஏப்ரலில் லமார் ஆற்றிய அஞ்சலி உரை ரெக்கார்டில் அப்படியே இருக்கிறது. இவரைப் பற்றி எந்தப் பெட்டியில் தட்டினாலும் இந்த உரைதான் முதலில் வருகிறது. இரு பக்கத்தையும் சேர்த்துவைத்த பெரிய மனிதர் என்ற பிம்பம் இதிலிருந்து கிளம்புகிறது. மருமகன் எட்வர்ட் மேய்ஸ் 1896இல் வெளியிட்ட தடித்த வாழ்க்கை வரலாறும் இணையத்தில் இலவசம். உரைகளுக்கும் கடிதங்களுக்கும் பயன்படும், மதிப்பீட்டுக்கு வேண்டாம். மாமனாரைப் பற்றி மருமகன் எழுதியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

பெயர்த் தேடல் ஏமாற்றுகிறது என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான். அந்த உரைக்கு மறு ஆண்டு, 1875இல், மிசிசிப்பியில் தேர்தல். கறுப்பின வாக்காளர்களை வன்முறையாலும் மிரட்டலாலும் ஒதுக்கி ஜனநாயகக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. அந்தக் கட்சியின் முன்னணிப் பேச்சாளர் லமார். கிளின்டன் என்ற ஊரில் செப்டம்பரில் நடந்த படுகொலைக்குப் பிறகு ஆளுநர் ஏம்ஸ் மையப் படை கேட்டார், கிடைக்கவில்லை. இதை விசாரித்த செனட் குழுவின் தலைவர் பௌட்வெல். அறிக்கை 1876இல் வந்தது, 44ஆம் காங்கிரஸின் முதல் கூட்டத்தொடர், செனட் அறிக்கை 527, இரண்டு தொகுதி. சாட்சியங்கள் கவுண்டி வாரியாக அடுக்கியிருக்கின்றன. வாக்குச் சாவடியிலிருந்து விரட்டப்பட்டவர்களின் வாய்மொழி கேள்வியும் பதிலுமாக அப்படியே இருக்கிறது. லமாரின் பெயரைத் தட்டி இந்த இடத்துக்கு வந்து சேர முடியாது. "மிசிசிப்பி, 1875" என்று தட்டினால் வரலாம். எந்தச் சேவையும் "இதையும் பாருங்கள்" என்று இங்கே கைகாட்டுவதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, தானாக வாழ்க்கை வரலாறு தொகுத்துத் தரும் அம்சங்களுக்கு மதிப்பெண் குறைக்க வேண்டியிருக்கிறது.

பத்திரிகைகளுக்கு காங்கிரஸ் நூலகத்தின் க்ரானிக்ளிங் அமெரிக்கா. இலவசம், பக்கத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம், பிடிஎஃப்பாக இறக்கலாம். படம் நன்றாக இருக்கும், எழுத்துணரி (படத்திலுள்ள அச்சை எழுத்தாக மாற்றும் மென்பொருள்) செய்த உரை மோசமாக இருக்கும். தேடல் நடப்பது அந்த உரையில் என்பதுதான் சிக்கல். லமார் என்ற ஆங்கிலப் பெயரின் நடுவில் இருக்கும் எம் எழுத்தை, மை பரவிய பழைய அச்சில், இயந்திரம் ஐ-என் என்றோ ஆர்-என் என்றோ படித்துவிடும். மூன்று வடிவத்தையும் தட்டிப் பார்க்க வேண்டும். பெயரோடு இன்னொரு சொல் சேர்ப்பது நல்லது: "செனட்டர்", "ஆக்ஸ்ஃபோர்டு", "சின்சினாட்டஸ்". மாநிலத்தையும் ஆண்டையும் இறுக்கிவிட்டு, 1887 டிசம்பர் முதல் 1888 ஜனவரி வரை என்று சின்ன ஜன்னலாக வைத்தால் நியமன விவாதம் முழுவதும் நாள்வாரியாகக் கிடைக்கும். 62 வயதில் எதற்கு நீதிபதி வேலை, கலகக்காரருக்கு எதற்கு உச்ச நீதிமன்றம் என்று வடக்குப் பத்திரிகைகள் எழுதிய காலம். ஒரு பத்திரிகை செய்தியை இன்னொன்று அப்படியே எடுத்துப் போடும் வழக்கம் அன்று உண்டு. ஒரே பத்தி பல ஊர்ப் பத்திரிகைகளில் வந்தால் அவை அத்தனையும் சேர்ந்து ஒரே சான்றுதான்.

நீதிபதி வாழ்க்கைக்கு வந்தால் மூச்சு விடலாம். ஃபெடரல் ஜுடிஷியல் சென்டர் நடத்தும் நீதிபதிகள் அகரவரிசை, இந்தப் பட்டியலிலேயே சுத்தமான சேவை. நியமனம், உறுதிப்பாடு, பதவியேற்பு, பதவி முடிவு எல்லாம் தேதியோடு. தேதி முரண்பட்டால் இதை நம்பலாம். விளம்பரம் இல்லை, லாகின் இல்லை, ஒரே பக்கம். அவரை உறுதிப்படுத்திய 1888 ஜனவரி 16 வாக்கெடுப்பு 32க்கு 28. மயிரிழைதான். தீர்ப்புகள் யு.எஸ். ரிப்போர்ட்ஸ் தொகுதிகளில். காங்கிரஸ் நூலகம் வழக்கு வழக்காக ஸ்கேன் செய்து போட்டிருக்கிறது. ஒன்றே ஒன்று படிக்க நேரமிருந்தால் 135ஆம் தொகுதியின் முதல் பக்கத்தில் தொடங்கும் நீகல் வழக்கு, 1890. உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபீல்டைக் காக்க நியமித்த டெபுடி மார்ஷல் (மைய அரசின் காவல் அலுவலர்) நீகல், கலிஃபோர்னியாவின் ஒரு ரயில் நிலைய உணவகத்தில் டேவிட் டெரி என்பவரைச் சுட்டுக்கொன்றார். மாநிலம் அவரைக் கொலைக்காக விசாரிக்கலாமா என்பது கேள்வி. முடியாது என்றது பெரும்பான்மை. மார்ஷலுக்கு அந்த அதிகாரம் கொடுத்த சட்டம் எங்கே, மாநில நீதிமன்றம் விசாரிக்கட்டும் என்று மாறுபட்டு எழுதியவர் லமார். தலைமை நீதிபதி ஃபுல்லர் அவரோடு சேர்ந்துகொண்டார். மாநில உரிமை பேசி 1861இல் பிரிந்துபோன மனிதரின் குரல் முப்பது ஆண்டு கழித்து நீதிபதி அங்கிக்குள்ளிருந்து கேட்கிறது. இதில் இன்னொரு வேடிக்கை, சுடப்பட்ட டெரியும் தெற்கத்திய வக்கீல், கான்ஃபெடரேட் படைவீரர், கலிஃபோர்னியாவின் முன்னாள் தலைமை நீதிபதி. நாம் தேடும் அதே வகை ஆள். 128ஆம் தொகுதியில் கிட் எதிர் பியர்சன் வழக்கும் உண்டு. உற்பத்தி வேறு, வணிகம் வேறு என்று லமார் எழுதிய தீர்ப்பு அது. பின்னாளில் வேறு வழக்குகளுக்கு அடித்தளமானது, ஆனால் படிக்கச் சுவாரசியம் குறைவு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளை ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்கிப் பார்க்கலாம். 1860, 1870 ஏடுகளில் நிலத்தின் மதிப்பும் இதர சொத்தின் மதிப்பும் தனித்தனிக் கட்டங்களில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் போர் ஒருவரின் சொத்தை என்ன செய்தது என்பது ஒரே பார்வையில் தெரியும். 1890 ஏடு 1921இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் பெரும்பாலும் அழிந்துபோனது. லமார் உச்ச நீதிமன்றத்தில் இருந்த காலத்துக்குக் கணக்கெடுப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். எந்தத் தளமாவது 1890 ஏடு தருவதாகச் சொன்னால் அது மிஞ்சிய துண்டுகளாகவோ வேறு பட்டியல்களை வைத்து ஈடுகட்டியதாகவோ இருக்கும்.

1850, 1860 இரண்டு ஆண்டுக்கும் அடிமைப் பட்டியல் என்று தனி ஏடு உண்டு. இடப்பக்கம் உடைமையாளரின் பெயர். அதற்கு நேரே, வரிக்கு ஒருவராக வயது, பால், நிறம். பெயர் இருக்காது. தேடல் பெட்டியில் இந்த ஏடு உடைமையாளரின் பெயரில்தான் அகப்படும். வரிகளில் இருப்பவர்களைத் தேடுகிறவருக்குப் பெட்டி ஒன்றும் தராது. வேறு வழியாகப் போகலாம். அதே கவுண்டியின் 1870 ஏட்டை எடுக்க வேண்டும். விடுதலையானவர்கள் பெயரோடும் குடும்பத்தோடும் முதன்முதலாகப் பதிவானது அதில்தான். 1860 வரிகளில் உள்ள வயதோடு பத்தைக் கூட்டிப் பொருத்திப் பார்க்க வேண்டும். வயதைக் குத்துமதிப்பாக எழுதியவர்கள் என்பதால் இரண்டு மூன்று ஆண்டு முன்பின் விட்டுக்கொடுக்கவும். உடைமையாளரின் குடும்பப் பெயரையே விடுதலையானவர்களும் வைத்துக்கொண்டார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பலர் வைத்துக்கொள்ளவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளுக்கு, விடுதலையான அடிமைகளுக்கு உதவ மைய அரசு அமைத்த ஃப்ரீட்மன்ஸ் பீரோவின் மிசிசிப்பி ஆவணங்கள், எம்826. அதில் நில உரிமையாளர்களோடு போட்ட கூலி ஒப்பந்தங்கள் இருக்கின்றன. ஒப்பந்தத்தின் அடியில் பெயர் எழுதி, பக்கத்தில் பெருக்கல் குறி போல ஒரு கோடு. ஃபேமிலிசர்ச்சில் இவையும் இலவசம். இங்கே நில உரிமையாளர் பெயர், கவுண்டி, 1865 அல்லது 1866 என்று தொடங்கவும்.